இரவல் தாகம்

செங்காட்டுவிளை பள்ளிக்கூடத்துல நான் படிக்கும்போது ஒரு குழி உண்டு. வருஷம் தவறாம ஜூன் மாசம் சுற்றுச்சூழல் தினத்துக்கு யாராவது ஒரு பெரிய மனுஷர் வந்து அதுல ஒரு கன்னு நடுவாரு. நாங்க கைதட்டுவோம், ஆரஞ்சு மிட்டாய் குடுப்பாவ. ஏப்ரல், மே லீவுல கன்னு கருகிரும். மறு ஜூன்ல அதே குழி, வேற கன்னு, வேற பெரிய மனுஷர், அதே மிட்டாய். பாவம் அந்தக் குழி, எத்தனை போட்டோவுக்குத்தான் நின்னுச்சோ.

நான் சண்முகக்கனி. டவுன் பஸ்சுல கண்டக்டர். வாய் கொஞ்சம் நீளம்னு சொல்லுவாவ. அது இல்லாம எங்க ரூட்டுல ஒருத்தன்கிட்டயும் சில்லறை வாங்க முடியாது.

எம்மக கோமதி அஞ்சாப்பு போன வருஷந்தான் அந்த வளையல் வந்துச்சு. பச்சைக் கலர்ல, ரப்பர் மாதிரி. ஒரு கம்பெனிக்காரங்க பெத்தவங்க எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு விளக்கம் சொன்னாவ. சொன்னது நிவாஸ்னு ஒரு எஞ்சினியர் தம்பி. மீசைகூட சரியா முளைக்கல, ஆனா பேச்சு சுத்தம்.

"ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மரக்கன்னு. அதோட வேர்ல ஒரு சின்னக் குச்சி சொருகியிருக்கோம். ஈரம் கொறைஞ்சா குச்சி வளையலுக்குச் சொல்லும். வளையல் பிள்ளையோட நரம்புக்குச் சொல்லும். பிள்ளைக்குத் தொண்டை வறளும். கன்னுக்குத் தண்ணி ஊத்துனா தொண்டை உடனே குளுந்துரும். எந்த ஊருக்குப் போனாலும் வேலை செய்யும். பயப்படாதீங்க, பிள்ளை உடம்புல ஒரு சொட்டுத் தண்ணிகூட கொறையாது. அது வெறும் உணர்ச்சிதான்."

"பசியும் வெறும் உணர்ச்சிதான் தம்பி" ன்னேன்.

எல்லாரும் சிரிச்சாவ. அந்தத் தம்பியும் சிரிச்சுட்டு, "வருஷத்துல ஒரு நாள் மட்டும் மரத்த நினைச்சா போதுமாக்கா? வருஷம் முழுக்க நினைக்க வேண்டாமா?" ன்னு கேட்டாரு. எனக்கு அந்தப் பழைய குழி ஞாபகம் வந்துருச்சு. சம்மதம்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன்.

ஒரே ஒரு சட்டந்தான் போட்டாவ. அவங்கவங்க மரத்துக்கு அவங்கவங்கதான் ஊத்தணும். வெளியூர் போனா வீட்டாள் ஊத்தலாம், அடுத்த வீட்டுப் பிள்ளை ஊத்தக் கூடாது. அப்பத்தான் பொறுப்பு வருமாம்.

சும்மா சொல்லக் கூடாது, வேலை செஞ்சுச்சு. தான் சாப்பிட்ட தட்டையே எடுத்து வைக்காத கழுதை, ஞாயித்துக்கிழமை காலையில குடத்தத் தூக்கிக்கிட்டு ஓடுதா. தீபாவளிக்கு எண்ணெய் தேச்ச தலையோட அத்தனை பிள்ளையளும் பள்ளிக்கூடத்துப் பம்புல வரிசையில நிக்கு. புது டிரஸ்ல சேறு. எங்க தேரி மணல்காட்டுச் செம்மண்ணுல தண்ணி ஊத்துனா ஊத்துன எடமே தெரியாது, அப்படி உறிஞ்சிரும். அதுல முழங்கால் உசரம் வந்த கன்னு இடுப்பு உசரம் வந்துச்சு. கோமுக்குப் புங்கை. அதுக்குப் பக்கத்துல ஜெபினாவோட நாவல்.

ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு உறுத்துச்சு. ஐப்பசியில ஒரு பையனுக்கு அம்மை போட்டு, வளையலக் கழட்டிட்டாவ. அவன் வேப்பங்கன்னு வாடி நிக்கு. பக்கத்துல அத்தனை பிள்ளையளும் குடத்தோட அதத் தாண்டிப் போகுதுவ. ஒண்ணுகூட ஒரு கை தண்ணி ஊத்தல.

"ஏட்டி, ஊத்துனா குடமா தேஞ்சிரும்?" ன்னு கோமுவக் கேட்டேன்.

"அது அவன் மரம்மா. நாங்க தொடக் கூடாது. அதோட அதுக்குத் தாகமா இல்லையான்னு எங்களுக்குத் தெரியாதுல்லா."

நான் பஸ்சுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிட்டேன். ஆனா அந்தப் பதில் அன்னைக்கு முழுக்கக் கூடவே வந்துச்சு.

ஜெபினா எங்களுக்கு அடுத்த வீடு. அவ அம்மா லில்லி முருங்கைக்காய் மண்டியில எடை போடுதா. ஜெபினாவும் கோமுவும் ஒண்ணாப்புல இருந்தே ஒண்ணு. ஒருத்திக்குத் தடுப்பூசி போட்டா இன்னொருத்தி அழுவா. பொங்கல் கழிஞ்சு ஜெபினாவுக்கு முகமெல்லாம் வீங்கிருச்சு. திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா, கிட்னியில கோளாறுன்னு சொல்லிட்டாவ. மாத்திரையில சரியாயிரும், ஆனா கொஞ்ச மாசத்துக்கு உப்பு ஆகாது, தண்ணியும் அளந்துதான் குடிக்கணும். லில்லி ஒரு சில்வர் டம்ளர்ல நெயில் பாலிஷால கோடு போட்டு வச்சா. கோடு வரைக்கும் குடிச்சுட்டு இன்னும்னு பிள்ளை கை நீட்டும், தாய் சொம்ப இழுத்துக்கிடுவா.

"வளையலக் கழட்டியாச்சுக்கா" ன்னா லில்லி. "இருக்குற தாகம் போதாதுன்னு மரத்துத் தாகமும் வேறயா? பெரிய டீச்சரே கழட்டச் சொல்லிட்டாவ."

"கழட்டுனது எங்க இருக்கு?"

"கோமு வாங்கி அவ பெட்டியில வச்சிருக்கா. நல்லானதும் திருப்பித் தாறேன்னாளாம்."

சரி, சின்னப் பிள்ளையள் விஷயம்னு நானும் விட்டுட்டேன்.

முழுப்பரீட்சை முடிஞ்சு திருப்பூர் போனோம். எங்க வீட்டுக்காரர் அங்க பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. வருஷத்துக்கு ஒருக்கா லீவு போட்டு அவுககூட இருந்துட்டு வருவேன். கோமுவோட புங்கைக்குத் தண்ணி ஊத்த எங்க கொழுந்தன்கிட்ட சொல்லிட்டுத்தான் போனேன். அவன் தன் தலைக்கே தண்ணி ஊத்த மறக்குற ஆளு. ஆனாலும் வேற நாதி கெடையாது.

போன மறுநாளே பிள்ளை தண்ணி தண்ணின்னு கெடந்தா. சொம்பு சொம்பாக் குடிக்கா. குடிச்சுட்டு வாயத் தொடைச்சா அடுத்த சொம்பு. "வெயிலுக்கு அப்படித்தான்" ன்னாரு எங்க வீட்டுக்காரர். சாயங்காலம் குடிச்ச தண்ணியெல்லாம் வாந்தி எடுத்து, கண்ணு சொருகிருச்சு. தூக்கிக்கிட்டு ஓடுனோம். வளையல் கதையக் கேட்டுட்டு டாக்டரம்மா என்னையத்தான் ஏசுனாவ.

"தண்ணிதானேன்னு நெனைக்காதீங்க. அளவு மீறுனா தண்ணியும் வெஷம். ரத்தத்துல உப்பு எறங்கியிருக்கு. இன்னும் கொஞ்சம் போயிருந்தா வலிப்பு வந்துருக்கும். மொதல்ல அந்த வளையலக் கழட்டுங்க."

கழட்டுனேன். கையிலருந்து உருவி என் சூட்கேசுல போட்டுப் பூட்டுனேன். டிரிப்ஸ் ஏறிக்கிட்டிருக்கு, பிள்ளை படுத்துக்கிட்டே நாக்கால உதட்டத் தடவுதா.

"எம்மா, ஒரு வாய் தண்ணி."

வளையல் இல்ல, தாகம் போகல. மிஷின் பிள்ளை உடம்புக்குள்ளயே போயிருச்சோன்னு நெனச்சேன். நிவாஸ் தம்பிக்குப் போனப் போட்டேன். வாயில வந்தபடியெல்லாம் ஏசுனேன். அவரு பொறுமையாக் கேட்டுட்டு, ஏதோ தட்டிப் பாத்தாரு.

"அக்கா, உங்க பொண்ணோட மரம் நல்லா நனைஞ்சுதான் இருக்கு. தெனமும் யாரோ ஊத்துறாங்க. வளையல் போட்டிருந்தாலே தாகம் எடுக்கக் கூடாது."

"அப்ப எம்புள்ள நடிக்காளா?"

"நான் அப்படிச் சொல்லல. நேர்ல பாக்கணும். கூட்டிட்டு வாங்க. நானும் வாறேன்."

கொழுந்தன் ஊத்துதானேன்னு ஒரு பக்கம் ஆச்சரியம். பிள்ளைக்கு என்ன ஆச்சோன்னு மறுபக்கம் பயம். ஆஸ்பத்திரியிலருந்து அனுப்புனதும் பகல் பஸ்சுலயே ஏறிட்டோம். வழியெல்லாம் டாக்டரம்மா சொன்ன உப்புத் தண்ணிய மூடி மூடியாக் குடுத்துக்கிட்டு வந்தேன். அவ கேக்கா, நான் பாட்டில ஒளிச்சு வைக்கேன். லில்லி டம்ளரு என் கைக்கு வந்த மாதிரி ஆயிருச்சு. எத்தனை பேரு டிக்கெட்டக் கிழிச்சுக் குடுத்திருக்கேன், அன்னைக்கு எங்க ரெண்டு பேரு டிக்கெட்ட எங்க வச்சேன்னு எனக்கே தெரியல. மனசுல ஒண்ணே ஒண்ணுதான் ஓடுச்சு. வளையலத் தூக்கி அவனுவ மூஞ்சியில எறிஞ்சிட்டு, மரமும் வேண்டாம் மட்டையும் வேண்டாம்னு பிள்ளையக் கூட்டிட்டு வந்துரணும்.

மறுநாள் வெயில் ஏறுறதுக்கு முந்தி பள்ளிக்கூடத்துக்குப் போனோம். ஒவ்வொரு மரத்து அடி மூட்டுலயும் பொத்தான் அளவுக்கு ஒரு லைட் உண்டு. ஈரம் இருந்தா பச்சை, காஞ்சா செவப்பு. எல்லாம் பச்சையா நின்னுச்சு. கோமுவோட புங்கை தளதளன்னு நிக்கு, மூட்டுல மண்ணு இன்னும் ஈரமா இருக்கு. அதுக்குப் பக்கத்துல நாவல் மட்டும் எலை சுருண்டு, செவப்பு லைட்டோட நிக்கு.

கோமு என் கைய உதறிட்டு ஓடுனா. புங்கையத் திரும்பியே பாக்கல. நாவல் மூட்டுல மண்டியிட்டு, எம் பையிலருந்து பிடுங்குன பாட்டிலக் கவுத்தா. பம்புக்கு ஓடி ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு வந்தா. கெடந்த வாளி ஒண்ண எடுத்துக் குடுத்தேன், அதையும் கொண்டு வந்து ஊத்துனா. லைட் பச்சையாச்சு. பிள்ளை அப்படியே கண்ண மூடி, கழுத்தத் தடவிக்கிட்டு, பெருமூச்சு விட்டா. நாலு நாளா நான் பாக்காத மொகம்.

"ஏட்டி, அது ஜெபினா மரம்லா?"

குனிஞ்சுக்கிட்டா. எனக்கு எதுவோ பொறி தட்டுச்சு. அவ பாவாடையக் கணுக்காலுக்கு மேல தூக்குனேன். கொலுசுக்கு அடியில, துணி சுத்தி மறைச்சு, இன்னொரு பச்சை வளையல். கையில போட்டா என்ன, காலுல போட்டா என்ன, நரம்பு நரம்புதானே.

"எம்மா, அடிக்காத. பெட்டியிலதான் வச்சேன். அப்புறம் மரத்தப் பாக்கப் பாவமா இருந்துச்சு. கழட்டுனா நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். அதுக்குத் தாகம் போயிருமா? பள்ளிக்கூடம் இருக்கும்போது யாரும் பாக்காத நேரம் ரெண்டுக்கும் ஊத்திருவேன். திருப்பூர்லதான் முடியல."

"எங்கிட்ட சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? ஜெபினாகிட்டயாவது போன்ல சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நான் போட்டிருக்கது அவளுக்குத் தெரிஞ்சிரும்லா. அழுவா. அவளே தண்ணியில்லாம கெடக்கா."

அடிக்கத்தான் கை ஓங்குனேன். அந்த நேரம் பாத்து கேட்டத் தள்ளிக்கிட்டு ஜெபினா வாறா. முகம் உப்பி, கால் ரெண்டும் வீங்கி, ஒரு சின்னப் பிளாஸ்டிக் குடத்த நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வாறா. நாலு எட்டு வச்சுட்டு எறக்கி வைக்கா. மூச்சு வாங்குதா. மறுபடி தூக்குதா. எங்களப் பாத்ததும் அப்படியே நின்னுட்டா.

"ஏட்டி கோமு, நீ எப்ப வந்த?"

"நீ எதுக்குட்டி குடம் தூக்குத?"

"உன் புங்கைக்கு ஊத்தத்தான். உங்க சித்தப்பா மொத நாளே மறந்துட்டாரு, செவப்பு லைட் எரிஞ்சுச்சு. நீ திருப்பூர்ல தவிச்சிரக் கூடாதுல்லா. சட்டத்துக்கு ஒத்து வராதுதான். வாட்ச்மேன் தாத்தா டீ குடிக்கப் போற நேரமாப் பாத்து ஊத்திருவேன்."

"அப்ப உன் நாவலு?"

ஜெபினா நாவலப் பாத்தா. அதுக்குக் கீழ ஈரம் இருந்ததப் பாத்து ஒண்ணும் புரியல அவளுக்கு.

"என்னால ஒரு குடந்தான் தூக்க முடியுது. என் வளையல் உன் பெட்டியிலலா கெடக்கு? அதுக்குத் தாகம்னா யாருக்கும் வலிக்காதுன்னு விட்டுட்டேன்."

கோமு பாவாடைய ஒதுக்குனா. காலத் தூக்கிக் காட்டுனா.

அவ்வளவுதான். ரெண்டும் கட்டிப்பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதுச்சு. நான் அந்தப் பக்கமாத் திரும்பிக்கிட்டேன். பஸ்சுல பொம்பளையள் அழுதா, "இங்கன அழாதீய, எறங்கிப் போய் அழுங்க" ன்னு சொல்லுற ஆளு நான். அன்னைக்கு முந்தானையால மூஞ்சிய மூடிக்கிட்டுப் பம்படியில போய் நின்னேன்.

பதினோரு மணி வாக்குல நிவாஸ் தம்பி வந்தாரு. லீவுன்னாலும் பெரிய டீச்சரும் வந்திருந்தாவ, அவங்க ரூம்ல உக்காந்தோம். நடந்ததச் சொன்னேன். கொலுசுக்கு அடியிலருந்து கழட்டுன வளையல மேசையில வச்சேன். அந்தத் தம்பி அதத் தொடவே இல்ல.

"ரெண்டும் ஒருத்தருக்கொருத்தர்..." ன்னு ஆரம்பிச்சுட்டு நிறுத்திட்டாரு.

"தம்பி, ஒரு விஷயம் சொல்லுங்க. மரம் எல்லாருக்கும் நெழல் குடுக்கும். அப்ப தாகம் மட்டும் ஏன் பிள்ளையளுக்கு? பெத்தவனுக்குப் போடலாம்லா? பஞ்சாயத்து ஆபீஸ்ல இருக்குறவனுக்குப் போடலாம்லா?"

அவரு ஜன்னலப் பாத்தாரு. பெரிய டீச்சரும் அவரையே பாக்காவ.

"மொதல்ல பெரியவங்களுக்குத்தான் போட்டோம்க்கா. வேற ஊர்ல, சோதனைக்கு. ஒரு வாரத்துல ஒருத்தர் பாக்கியில்லாம கழட்டி வச்சுட்டாங்க. கல்யாண வீட்டுக்குப் போனேன், வேலைக்கு இடைஞ்சல், ஞாபகம் இல்லன்னு ஆளுக்கொரு சாக்கு. மரமெல்லாம் பட்டுப்போச்சு. பிள்ளைங்கதான் கழட்டல. அதனாலதான் பிள்ளைங்கள வச்சே..."

இதத் தூக்கி எறியணும்னுதான் நான் வந்தேன். எறிஞ்சா அந்த ஒரு வாரத்து ஆளுகள்ல நானும் ஒருத்தி, வேற என்ன?

"டீச்சர், சோப்பு இருக்கா?" ன்னு கேட்டேன்.

கை கழுவுற எடத்துல போய், வேகவேகமா நுரை போட்டு, ஜெபினா வளையல என் கையில ஏத்துனேன். பிள்ளையள் சைஸ் அது. எலும்பு நொறுங்குற மாதிரி இருந்துச்சு, ஆனா ஏறிருச்சு. சட்டம் என்னாச்சுன்னு கேட்டா, பெரிய டீச்சர்தான் பதில் சொன்னாவ. "சட்டத்த நான் பாத்துக்கிடுதேன். தம்பி, கம்பெனியில என்ன எழுதணுமோ எழுதிக்கோங்க. யார் மரத்துக்கு யார் வேணும்னாலும் ஊத்தட்டும். ஊருக்குப் போற பிள்ளை, இருக்குற பிள்ளைகிட்ட வளையலக் குடுத்துட்டுப் போகட்டும்."

சாயங்காலம் லில்லி வீட்டுக்குப் போனேன். அவளுக்கு விஷயம் தெரிஞ்சு, என் கையப் பிடிச்சுக்கிட்டு விடல. உள்ள ஜெபினா அந்தக் கோடு போட்ட டம்ளர்ல கடைசிச் சொட்டு வரைக்கும் அண்ணாந்து குடிச்சுட்டு, வெறும் டம்ளர வாயில வச்சபடியே உக்காந்திருந்தா.

"அத்த, எடுத்துருச்சா தாகம்?" ன்னு கேட்டா.

"லேசா வறளுது ட்டி. பொறுத்துக்கிடலாம்."

"ஊத்துனதும் ஒரு குளுமை வரும் பாருங்க. தொண்டையிலருந்து நெஞ்சு வரைக்கும் எறங்கும். வளையலக் கழட்டுனதுல எனக்கு அது ஒண்ணுதான் கவலை. இதுல குடிச்சா பத்தவே மாட்டேங்கு." டம்ளரக் கீழ வச்சா.

நான் லில்லியப் பாத்தேன். லில்லி என்னையப் பாத்தா. உடனே நிவாஸ் தம்பிக்குப் போனப் போட்டு, மரத்துக்கு ஊத்துற நேரம் மட்டும் ஜெபினாவுக்கு வளையல மாட்டலாமான்னு கேட்டேன். "அதுக்காக நாங்க செய்யலக்கா. ஆனா கெடுதல் இல்ல. டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க" ன்னாரு. டாக்டர், தண்ணி அளவு மாறாம இருந்தா சரின்னு சொல்லிட்டாரு.

லீவு முடிஞ்சு டூட்டியில ஏறுனேன். வெயிலு மண்டையப் பொளக்கு. மத்தியான டிரிப்புல வளையல் வேலையக் காட்டிருச்சு. டிக்கெட், டிக்கெட்டுன்னு கத்த வாயத் தொறந்தா சத்தம் வரல. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிடுச்சு. பாட்டிலக் குடிச்சாலும் போகல. இதப் போட்டுக்கிட்டுத்தான் பிள்ளையள் வாய்ப்பாடு ஒப்பிச்சுச்சுவளா? எங்க டிரைவர் சுடலைமுத்து அண்ணாச்சி கண்ணாடியில என்னையப் பாத்தாவ.

"என்ன தாயி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"அண்ணாச்சி, பள்ளிக்கூடத்து முன்னால கொஞ்சம் நிறுத்துங்க."

"அங்கன ஸ்டாப் கெடையாதுல்லா."

"இன்னைலருந்து உண்டு."

பஸ்சுல முணுமுணுப்பு. "கண்டக்டரம்மா, கருப்பட்டி உருகுது" ன்னு ஒருத்தர். எறங்கி விசிறுங்கன்னுட்டு நான் எறங்குனேன்.

கேட் பக்கத்துல, சொல்லி வச்சபடி ஜெபினாவும் கோமுவும் நின்னாவ. பம்புல வாளிய நெறச்சு நாவல் மூட்டுல கொண்டு வச்சேன். கையில மறுபடி சோப்பு, மறுபடி எலும்பு நொறுக்கம். வளையலக் கழட்டி ஜெபினா கையில மாட்டுனேன். மாட்டுனதும் பிள்ளை மொகம் சுண்டிருச்சு. சட்டுன்னு வாளியச் சாச்சேன். செம்மண்ணு சர்ருன்னு உறிஞ்சுச்சு.

ஜெபினா கண்ண மூடுனா. தொண்டை ஏறி எறங்குச்சு, பெரிய சொம்புல குடிக்கிற மாதிரி. வாளி காலியாச்சு.

"போதுமாட்டி?"

வீட்டுல, ஆஸ்பத்திரியில, போற எடமெல்லாம் போதும் போதும்னு மத்தவங்க சொல்லித்தான் அவ கேட்டிருக்கா. அவகிட்ட யாரும் போதுமான்னு கேட்டு மாசமாச்சு. கண்ணத் தொறக்காமலே சொன்னா.

"இன்னும் கொஞ்சம் அத்த."

அண்ணாச்சி ஹாரன் அடிச்சாவ. அடிக்கட்டும்னு வாளியத் தூக்கிக்கிட்டுப் பம்புக்குப் போனேன்.